மிஸியின் கொப்பியில் மூன்றாவது புள்ளி

பதினேழு வருடங்கள் கண்டியில் கணிதம் படிப்பித்தவள் நான். நிகழ்தகவுப் பாடம் வந்தால் ஒரு ரூபாய்க் குற்றியை மேசையில் சுண்டிவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்பேன்: "நாலு தரம் தொடர்ந்து தலை விழுந்திட்டுது. அஞ்சாந்தரம் என்ன விழும்?" பாதி வகுப்பு தலைதான் என்று கத்தும். மீதிப் பாதி மற்றப் பக்கம்தான் என்று கத்தும். இரண்டு பாதிக்கும் என்னிடம் நல்ல ஏச்சு விழும். குற்றிக்கு ஞாபகசக்தி கிடையாது, முந்தி விழுந்ததை அது நினைத்துக்கொண்டிருக்காது என்று கரும்பலகையில் தட்டித் தட்டிச் சொல்வேன். அப்படிப்பட்ட நான், ஒரு தாதியின் கொப்பியில் ஒரே ஒரு பக்கத்தைக் களவாகப் பார்த்துவிட்டு, என் வயிற்றிலிருந்த மூன்றாவது பிள்ளை பெண்தான் என்று முடிவு கட்டினேன். ஆசை வெட்கமறியாது என்பார்கள். அதற்குக் கணக்கும் தெரியாது என்பதை நான் முப்பத்தாறு வயதில் கற்றுக்கொண்டேன்.

பெண் பிள்ளை மேல் எனக்கு ஏன் அவ்வளவு ஆசை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தவர்கள். என் கணவருக்குத் தெல்தெனியவில் நீர்ப்பாசன அலுவலகமொன்றில் படம் வரையும் வேலை. எனக்குக் கண்டி நகரில் பள்ளிக்கூடம். வாவிக்கு மேலே ஏறும் ஓர் ஒழுங்கையில் மேல்மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் தமிழர் குடியிருந்த வீடுகளில் ஒரு பட்டியல் இருக்கவேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எழுதிப் பொலிஸில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியை வாங்கி வைத்திருக்கவேண்டும். புதிதாக ஒருவர் வந்து தங்கினால் உடனே போய்ப் பதியவேண்டும்.

என் தம்பி ஊரிலிருந்து எங்களிடம் வந்தது ஒரு வியாழக்கிழமை. "நாளைக்குப் போய்ப் பதிவம்" என்றார் இவர். நாளைக்கு ஒரு தலைவலி, நாளன்றைக்கு நல்ல மழை. ஞாயிறு காலை நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சுற்றிவளைப்பு வந்தது. பட்டியலில் ஆண் ஒருவர், வீட்டில் ஆண் இருவர். தம்பி கட்டியிருந்த சாரத்தோடு ட்ரக்கில் ஏறினான். ஒன்பது மாதம் கழித்துத்தான் வெளியே விட்டார்கள். பிறகு கனடாவுக்குப் போய்விட்டான். மாதத்துக்கு ஒருமுறை டெலிபோன் எடுப்பான், அங்கே கொட்டும் பனியைப் பற்றி மட்டும் கதைப்பான். அந்த ஒன்பது மாதத்தைப் பற்றி நான் கேட்டதுமில்லை, அவன் சொன்னதுமில்லை.

அதற்குப் பிறகு இவருக்குப் பட்டியல் பைத்தியம் பிடித்தது. பிரதியை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் கொண்டு திரிந்தார். பாண் வாங்கப் போனாலும் பட்டியலும் கூடப் போகும். யாரும் கேட்காமலே எடுத்து நீட்டுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் பகிடி பண்ணுவேன். ஆனால் என் பைத்தியம் அதைவிடப் பெரியது. கல்யாணமாகி ஏழு வருடம் எங்களுக்குப் பிள்ளையில்லை. மற்றப் பெண்களைப் போல நானும் கோயில் கோயிலாகப் போனேன். நான் கேட்டது நிபந்தனையோடு. தந்தால் பெண்ணாகத் தா, பிள்ளையாரே. ஆணென்றால் எனக்கு வேண்டாம். ஒருவனைப் பெற்று வளர்த்து ட்ரக்கில் ஏற்றிவிட என்னால் ஏலாது. இந்த வேண்டுதலை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்தே வந்து என்னைத் திட்டியிருப்பார்.

கண்டியில் பிள்ளையில்லாதவர்களுக்கு வைத்தியம் செய்யும் டொக்டர் ஒருவர் இருந்தார். சிங்களவர், நல்ல மனிதர், வேகமாகக் கதைப்பார். சனிக்கிழமை பின்னேரங்களில் வாவிப் பக்கத்துச் சின்ன கிளினிக் ஒன்றில் பார்ப்பார். ஆனால் அந்த கிளினிக்கை நடத்தியது டொக்டரல்ல, மிஸி. எங்கள் நாட்டு ஆஸ்பத்திரிகளில் தாதிமாரை எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். இந்த மிஸி ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து வந்தவர், கத்தோலிக்கர், என்னைவிட இரண்டு வயது இளையவர். கிழமை நாட்களில் அரசாங்க ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் வேலை, சனிக்கிழமை இங்கே.

அவரைப் போல வேலை செய்த ஒருவரை நான் இன்றுவரை கண்டதில்லை. எந்தப் பெண்ணுக்கு எந்தத் திகதியில் மாதவிலக்கு வந்தது என்று கோப்பைத் திறக்காமலே சொல்வார். ஸ்கேன் செய்யப் பூசும் களிம்பைக் கையில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் வயிற்றில் தடவுவார். கண்டிக் குளிரில் அது எவ்வளவு பெரிய தர்மம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். வாசிக்கத் தெரியாத பெண்களுக்கு மாத்திரைக் கடதாசிப் பையில் ஐந்து சூரியன் வரைந்து கொடுப்பார். ஒரு மாத்திரை விழுங்கினால் ஒரு சூரியனைக் கீறிவிட வேண்டும். வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்கும் புருஷன்மாரை உள்ளே இழுத்து உட்காரவைத்து, "ஒங்களுக்கும் டெஸ்ட் இருக்குங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். இதைச் சிங்களத்திலும் சொல்வார், தமிழிலும் சொல்வார். ஒருவரும் கோபித்து நான் பார்க்கவில்லை.

நான் போன இரண்டாவது சனிக்கிழமை கிளினிக்கில் ஒரு கலகம் நடந்தது. கடுகண்ணாவையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஓர் அம்மா, வரிசையில் இருந்த தன் மருமகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

"எந்திரிடி, போவோம். இந்த மாத்திர பொட்டப் புள்ளயாத்தான் குடுக்குமாம். எங்க சொந்தத்துல ஒருத்திக்கு மூணு பொறந்துச்சு, மூணும் பொண்ணு. இன்னொருத்திக்கு ரெட்ட, ரெண்டும் பொண்ணு."

எல்லோரும் மிஸியின் வாயைப் பார்த்தார்கள். நானென்றால் அந்த அம்மாவுக்கு ஒரு பாடமே நடத்தியிருப்பேன். மிஸி கையைத் துடைத்துக்கொண்டு வந்து மெதுவாகச் சொன்னார்:

"எனக்குத் தெரியாதுங்கம்மா. அதத்தான் நான் எழுதிக்கிட்டு வர்றேன். தெரிஞ்சா அன்னைக்கே நான் பஸ் ஏறிக் கடுகண்ணாவைக்கு வந்து சொல்றேன்."

"நர்சம்மாவுக்கே தெரியாதா?"

"டொக்டருக்கே தெரியாதுங்க."

திரைக்கு அந்தப் பக்கம் டொக்டர் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. கடுகண்ணாவை அம்மா மருமகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவரைப் பயமுறுத்தி விரட்டிய அதே கதை என் காதில் தேனாக ஊறியது. அந்த மருமகள் எழுந்து போன கதிரையில் நான் போய் உட்கார்ந்தேன்.

என் முறை வந்ததும் டொக்டரிடம் கேட்டேன். அவர் நேர்மையாகவே சொன்னார். இரட்டை, மூன்று என்று பிறக்கிறபோது வைத்தியம் எதுவும் செய்யாமலே பெண் பக்கம் ஒரு மயிரிழை சாயும். வைத்தியம் செய்தால் அந்தச் சாய்வு கூடுகிறதா குறைகிறதா என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே வழக்கு. சில முறைகளில் பெண் கூடுதலாம், சில முறைகளில் ஆண் கூடுதலாம், சிலர் ஒரு வித்தியாசமும் இல்லை என்கிறார்கள். ஏராளமான பிள்ளைகளை ஒன்றாக எண்ணினால்தான் கண்ணுக்குத் தெரிகிற சின்ன விஷயம் அது, ஒரு தாயின் வயிற்றுக்கு அதை வைத்துச் சாத்திரம் சொல்ல முடியாது. இதெல்லாம் எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் அவர் சொன்னதில் 'பெண்' என்ற ஒரு சொல்தான் என் காதில் தங்கியது.

வெளியே வந்து மிஸியைப் பிடித்தேன். "உண்மையைச் சொல்லுங்கோ மிஸி. நீங்கள் இவ்வளவு பேரைக் கண்டிருக்கிறியள். மாத்திரைக்குப் பொம்பிளைப் பிள்ளைதானோ?"

"தெரியாது டீச்சர்."

எனக்கு எரிச்சல் வந்தது. 'தெரியாது' என்று எழுதும் பிள்ளைக்கு நான் பூச்சியம் போடுகிறவள். அந்தச் சொல்லைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அந்த வருடங்களில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அடுத்த குண்டு எங்கே வெடிக்கும் என்று தெரியும், யார் துரோகி என்று தெரியும், யுத்தம் எந்த மாதத்தில் முடியும் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியும். தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் மிஸிதான்.

அவருடைய கொப்பி பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் சாதாரண நீல அட்டைக் கொப்பி. கிளினிக்கில் வைத்தியம் பெற்று இரட்டையோ மூன்றோ பெற்ற பெண்களின் பிள்ளைகளை அதில் குறித்து வந்தார். காதால் கேட்டதை எழுத மாட்டார். பிரசவம் எங்கே நடந்தாலும் தன் ஓய்வு நாளில் பஸ் ஏறிப் போய்ப் பிள்ளைகளைக் கண்ணால் பார்த்த பிறகே ஒரு புள்ளி வைப்பார். அப்போது பஸ் பயணம் என்றால் லேசான காரியமில்லை. சோதனைச்சாவடிக்குச் சாவடி இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் மறுபடி ஏறவேண்டும். ஒரு புள்ளிக்காகப் பாதி நாள் போய்விடும்.

"உங்களுக்கு ஏன் மிஸி இந்த வேலை?" என்று ஒருநாள் கேட்டேன். பஞ்சுகளை எண்ணிப் போத்தலில் போட்டுக்கொண்டே சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கலவரம் வந்த வருடம், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். நிறைமாதத்தில் இருந்த அம்மா தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தபோது இரட்டைப் பிள்ளை பிறந்தது. பெண் பிழைத்தது. பையன் அங்கேயே இறந்தான். பிறகு பதியப் போனபோது பெண் பிள்ளையை மட்டும்தான் பதிந்தார்கள். "எனக்குத் தம்பி ஒருத்தன் இருந்தான் டீச்சர். எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றார். போத்தலை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதைப் பற்றி மறுபடி அவர் பேசிக் கேட்டதில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகுதான் நான் அந்தக் களவைச் செய்தேன். ஒரு சனிக்கிழமை மிஸி திரையை இழுத்துவிட எழுந்து போனார். கொப்பி மேசையில் திறந்தபடி கிடந்தது. எனக்கு அது தலைகீழ். இரண்டு வரிசை. ஒன்றின் தலைப்பில் 'ஆ', மற்றதில் 'பெ'. உடன்பிறப்புகளைச் சின்னக் கோட்டால் இணைத்திருந்தார். பெண் வரிசை பக்கத்தின் அடியை நெருங்கியிருந்தது. ஆண் வரிசை பாதியைத் தாண்டிச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. கணக்கு ஆசிரியையின் கண் பொல்லாத கண், மிஸி திரும்பி வருமுன் எண்ணி முடித்துவிட்டது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது நான் மெல்லப் பாடிக்கொண்டு போனதாக இவர் சொல்வார்.

மூன்றாவது மாத வைத்தியத்தில் நான்கு முட்டைகள் ஒன்றாக முதிர்ந்திருப்பதாக ஸ்கேன் காட்டியது. இந்த மாதம் விட்டுவிடுவோம், ஒன்றுக்கு மேல் தங்கினால் ஆபத்து என்றார் டொக்டர். ஏழு வருடம் காத்திருந்தவளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? முட்டைகளை வெளியேற்றும் ஊசியைப் போடச் சொன்னேன். ஏழாவது கிழமை திரையில் மூன்று இதயங்கள் துடித்தன. இவர் கிளினிக் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "பட்டியல் படிவத்திலை இன்னும் மூண்டு பேருக்கு இடமிருக்கோ?"

ஆறாம் மாதம் ஸ்கேன் செய்தவர் இரண்டு பெண் என்று நிச்சயமாகச் சொன்னார். மூன்றாவது, மற்ற இரண்டுக்கும் பின்னால் காலை மடித்துக்கொண்டு ஒளிந்திருந்தது. தெரியவில்லை என்றார். எனக்குத் தெரிந்தது. இரண்டு பெண், அதோடு கொப்பியின் நீண்ட வரிசை. மூன்று பெண் பெயர்கள் தேடி வைத்தேன். மூன்று ரோசாச் சட்டை தைத்தேன். இவரிடம் "மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள்தான், கணக்குப் பார்த்திட்டன்" என்றேன். பாவம், என் கணக்கைச் சந்தேகிக்க அவருக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை.

அதனால்தான் அந்தக் கூத்து நடந்தது. ஒரு புதன்கிழமை சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். பிள்ளைகள் பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடவேண்டி வரும், பதிய நேரம் கிடைக்காது, நாளைக்கு நாளைக்கு என்று விட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்தானே என்று சொல்லி, செவ்வாய்க்கிழமையே போய் மூன்று பேரையும் பதிந்துவிட்டு வந்தார். வயது: பூச்சியம். பால்: பெண், பெண், பெண். அங்கிருந்தவர்கள் வாசிக்காமலே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். பிறக்காதவர்களைப் பொலிஸில் பதிந்த ஆள் இலங்கையிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

புதன்கிழமை காலை மிஸி என் தலைமாட்டில் நின்றார். அது அவருடைய வார்ட். முதலாவது பெண். இரண்டாவது பெண். பிறகு மிஸி குனிந்து என் காதருகே சொன்னார்: "டீச்சர், மூணாவது தம்பி."

அந்த நிமிடத்தை நான் மறைக்கப் போவதில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. சாரத்தோடு ட்ரக்கில் ஏறிய தம்பியின் முதுகு கண்முன் வந்தது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பினேன். மிஸி அதைக் கண்டார்.

பெண் பிள்ளைகள் இருவரும் சின்னவர்கள்தான், ஆனால் நன்றாகக் கத்தினார்கள். பையனுக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் மிஸி ஒரு தள்ளுவண்டிக் கதிரையில் என்னை ஏற்றி அங்கே கொண்டுபோனார். என் உள்ளங்கை அகல நெஞ்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் நான் என் மூச்சை விட மறந்துபோனேன். ஆண் வேண்டாம் என்று ஏழு வருடம் கேட்டேனே, பிள்ளையார் இப்போதுதான் அதைக் காதில் போட்டுக்கொண்டாரா என்று நினைத்தேன். மிஸியின் கையைப் பிடித்துக்கொண்டு என் வேண்டுதலை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். கொப்பியைப் பார்த்த களவையும் சொன்னேன். "உங்கட கொப்பியிலை பொம்பிளைப் பிள்ளையள்தானே கூட" என்று சின்னப் பிள்ளை போல முறையிட்டேன்.

மிஸி என்னைத் திட்டவில்லை. கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து விரித்தார். நான் பார்த்த பக்கம்தான். கடைசியில் என் பிள்ளைகள், பென்சிலால் வைத்த மூன்று புள்ளிகள். பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தால்தான் மை என்பது அவர் வழக்கமாம்.

"பின்பக்கம் பாத்தீங்களா டீச்சர்?" என்றார்.

நான் பார்க்கவில்லை. அவர் தாளைப் புரட்டினார். பின்பக்கம் நிறையச் சின்னச் சின்ன வட்டங்கள். வைத்தியத்தில் தங்கி, பிறக்காமல் போனவை. பிறந்து வீடு போகாமல் இறந்தவை. ஆணா பெண்ணா என்று தெரியாமலே போனவை வெறும் வட்டம். தெரிந்தவற்றுக்குள் ஓர் எழுத்து. எண்ணாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணத் தேவையும் இருக்கவில்லை. எழுத்துள்ள வட்டங்களில் 'ஆ'தான் அதிகம்.

"நான் பாத்த வரைக்கும், பையங்கதான் சீக்கிரம் போயிடுறாங்க. ரெண்டு மூணுன்னு நெருக்கிக்கிட்டு வர்றப்போ அவங்களால தாங்க முடியல. மாத்திரயோட வேலையா, வேற காரணமா, அது எனக்குத் தெரியாது. ஆனா முன்பக்கத்த மட்டும் பாத்தா பொண்ணு கூடன்னுதான் தோணும் டீச்சர்."

நான் கொண்டாடிய நீண்ட வரிசை அது. வராமல் போன பையன்கள் விட்ட இடம்தான் நான் கண்ட வித்தியாசத்தில் பாதி. அந்த ஆண்டுகளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வகுப்புப் படங்களிலும் பெண்கள் வரிசைதான் நீளம். யுத்தம் கொண்டுபோன பையன்களை மறந்து, ஊரில் பெண்கள் அதிகமாகப் பிறந்ததால் என்று யாராவது சொன்னால் நான் அறைந்திருப்பேன். அதே கணக்கை இங்கே நான் பாட்டுப் பாடிக்கொண்டு போட்டிருக்கிறேன். கணக்கு ஆசிரியை என்று சொல்லிக்கொள்ள எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

"இவன் பின்பக்கத்துக்குப் போகக் கூடாது மிஸி" என்றேன். வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை. மிஸி பிழைப்பான் என்று சொல்லவில்லை. "நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார். அப்படியே இருந்தார். வார்ட் வேலை முடிந்ததும் பெட்டிக்கருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூச்சு நின்றுபோகும் போதெல்லாம் உள்ளே கைவிட்டு அவன் உள்ளங்காலை விரலால் சுண்டுவார். சுண்டினால் திடுக்கிட்டு மறுபடி மூச்சு எடுப்பான். ஒரு கிழமை கழித்துப் பெண் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். ஊரிலிருந்து வந்து பதிந்து தங்கியிருந்த என் அக்காவிடம் அவர்களை விட்டுவிட்டு நான் தினமும் பால் கறந்து எடுத்துக்கொண்டு போவேன். முதலில் துளி துளியாகக் குழாயில், பிறகு கரண்டியில், பிறகு என் மார்பில். முப்பத்திரண்டாம் நாள், வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று துண்டு வெட்டினார்கள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வாடகை வானில் நாங்கள் நால்வரும் வந்தோம். இவர், நான், மிஸி, மிஸியின் மடியில் பையன். நகரத்துக்குள் நுழையும் சோதனைச்சாவடியில் வானை மறித்தார்கள். சார்ஜன்ட் கேட்டது அடையாள அட்டைகளை மட்டும். என் புத்திசாலிக் கணவர் பழக்க தோஷத்தில் பட்டியலையும் எடுத்து நீட்டினார்.

சார்ஜன்ட் அதை நிதானமாக வாசித்தார். அதைக் கவனமாக வாசித்த முதல் பொலிஸ்காரர் அவர்தான். மூன்று பெண் பிள்ளைகள். வானுக்குள் எட்டிப் பார்த்தார். இது மூன்றாவது, மற்ற இருவரும் வீட்டில் என்று மிஸி சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டச் சொன்னார். அதில் ஆண் என்றிருந்தது. மிஸி துணியை விலக்கினார்.

"கொல்லெக்!" என்றார் சார்ஜன்ட். பையன்! முகத்தில் சிரிப்பில்லை. பட்டியலில் முத்திரை குத்தி, பெண். ஆஸ்பத்திரித் துண்டில் கையெழுத்துப் போட்டு, ஆண். இரண்டில் எது பொய் என்று கேட்டார். இவர் வெறும் பிளாஸ்டிக் உறையை நீட்டினார். பதியாத ஓர் ஆண் மறுபடியும் எங்களோடு.

மிஸி இறங்கிப் பிள்ளையோடு அவர் முன்னால் போய் நின்றார். "பட்டியல்தான் பொய், மஹத்தயா" என்று மரியாதையாகவே சொன்னார். "அது இவன் பிறக்குமுன் எழுதியது. இவன் பிறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். முப்பத்திரண்டு நாளும் பார்த்தேன். எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும் என்று மிஸி சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சார்ஜன்ட் மிஸியின் அடையாள அட்டையைப் பார்த்தார், ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்தார், நித்திரையிலிருந்த பையனை நெடுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார். "அம்மா எழுதட்டும்" என்றார்.

மண்மூட்டையின் மேல் பட்டியலை வைத்து, மூன்றாவது 'பெண்' என்பதை வெட்டி, பக்கத்தில் 'ஆண்' என்று எழுதினேன். இந்த ஒரு சொல் அன்றைக்குப் பட்டியலில் இல்லாததால்தான் என் தம்பி போனான். சார்ஜன்ட் கீழே சின்னதாகக் கையெழுத்து வைத்தார். "இப்போது சரி" என்றார்.

பேனையைத் திருப்பிக் கொடுக்கப் போன என் கையை மிஸி பிடித்தார். ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையால் கைப்பையிலிருந்து நீலக் கொப்பியை இழுத்து அதே மண்மூட்டையின் மேல் விரித்தார்.

"வீட்டுக்குப் போனாத்தானே மை, மிஸி?" என்றேன்.

"பொலிஸே கையெழுத்து வச்சிட்டாங்க. இனி நம்மளும் எழுதலாம். நீங்களே வைங்க டீச்சர்."

ஆண் வரிசையின் கடைசியில் பென்சில் புள்ளி மங்கலாக இருந்தது. எந்த வரிசை நீளாமல் இருக்கவேண்டும் என்று ஏழு வருடம் கும்பிட்டேனோ, அதில் என் கையாலேயே பேனையை அழுத்தி ஒரு புள்ளி வைத்தேன். மை ஊறிப் புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. பேனைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்ற சார்ஜன்ட் என்னை அவசரப்படுத்தவில்லை.